இரும்பு பிரதர்ஸ், கோட்டை பிரதர்ஸ், நடுவில் நான்

உண்மை சொன்னால் ஊர் மெச்சும் என்று சின்ன வயதில் எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது யாரென்று தெரிந்தால் அவரிடம் கேட்க எனக்கு நாலு வார்த்தை இருக்கிறது. நான் உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஒரு மல்யுத்தக் கம்பெனி நாமக்கல்லில் கடையைக் கட்டியது. என் அப்பா மூன்று மாதம் டீக்கடைப் பக்கமே போகவில்லை. என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இருந்தாலும் சொல்கிறேன், நான் செய்தது சரிதான். இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில். நான் சேலம் டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மூர்த்தி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அம்மா கோழிப்பண்ணை நடத்திவந்தார். நாமக்கல்லில் இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். இரண்டும் ஒரே வீட்டில் கிடைத்ததில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கேபிள் டிவியில் வெளிநாட்டு மல்யுத்தம் பார்த்து எல்லோரும் பித்துப் பிடித்துத் திரிந்த காலம். அதைப் பார்த்து நம் பக்கத்திலும் ஒரு கம்பெனி கிளம்பியது. பொருட்காட்சித் திடலில் நாலு பக்கமும் கயிறு கட்டி மேடை போட்டு, டிக்கெட் வைத்து ஜோடிச் சண்டை நடத்துவார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர். உள்ளே ஒருவர் சண்டை போட, கூட்டாளி மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். சேலத்துக்கு இரும்பு பிரதர்ஸ், நாமக்கல்லுக்குக் கோட்டை பிரதர்ஸ். (நான்கு பேரில் யாரும் யாருக்கும் பிரதர் இல்லை.) இரும்பில் பெரியவர் ஸ்டீல் செல்வம். கோட்டையில் பெரியவர் ரிக்கு ராசு. போர் போடுகிற ரிக்கு வண்டி மாதிரி தலையாலேயே துளை போட்டுவிடுவார் என்று நோட்டீஸில் அடித்திருந்தார்கள்.

சேலத்தில் மூன்று ஆட்டம் பார்த்தேன். மூன்றிலும் அந்த ரிக்கு ராசு இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, அதிலிருந்த பொடியைச் செல்வத்தின் கண்ணில் ஊதினார். கண் தெரியாமல் தடவிக்கொண்டு நின்ற மனிதரை, கையைத் தொடாமலே உள்ளே குதித்த கூட்டாளியும் சேர்ந்து மிதித்தான். ரெஃப்ரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். (அவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்.) அத்தனை அக்கிரமத்தையும் தாங்கிக்கொண்டு செல்வம் எழுந்து ஜெயித்தபோது நான் விக்கி விக்கி அழுதேன். வயது இருபத்து நான்கு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், அழுதேன்.

நிச்சயத்துக்குப் பிறகு மூர்த்தி வியாழக்கிழமைதோறும் போன் செய்வார். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஒரு வியாழக்கிழமை நான் மல்யுத்தத்தை எடுத்தேன்.

"உங்க ஊர் ஆளுங்க என்னங்க இப்படி? கண்ணுல பொடியைப் போட்டுட்டு மிதிக்கறாங்க."

மூர்த்திக்கு முதல்முறையாகப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

"பொடி போடறது உங்க செல்வமுங்க. எங்க ராசு தங்கமான மனுசன்."

"நான் என் கண்ணால பாத்தேங்க."

"நானுந்தானுங்க பாத்தேன்."

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வியாழக்கிழமை, "நேத்து வரைக்கும் எங்க ஜில்லாவுல ஒரு தாலுக்கா, அதுக்குள்ள இத்தனை வாயா?" என்றேன். (கல்யாணத்துக்கு முன்பு பேசிய காதல் மொழி என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.) விஷயம் என் வருங்கால மாமியார் காதுக்குப் போயிற்று. அவர் ரிக்கு ராசுவின் பரம பக்தை என்பதும், ஆட்டம் தவறாமல் முன்வரிசையில் உட்காருவார் என்பதும், மாதாமாதம் ராசுவுக்குத் தட்டுத்தட்டாக முட்டை அனுப்புகிறார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. போனை அவரே வாங்கினார்.

"அம்மிணி, எங்க ராசு பொடி போட்டான்னு சொன்னியாமா?"

"ஆமாங்க அத்தை."

"நான் ஒரு ஆட்டம் உடாம பாக்கறவ. நடக்காததை நடந்துச்சுன்னு சாதிக்கற பொண்ணு, நாளைக்கு எங்க ஊட்டுல வந்து என்னென்ன சொல்லுவியோ. பொய் சொல்ற வாய் எங்களுக்கு ஆகாது சாமி. ஞாயித்துக்கெழம இங்க ஆட்டம் இருக்குது. அப்பனைக் கூட்டிக்கிட்டு வா. நேருல பாத்துப்போட்டு அப்பறம் கல்யாணத்தைப் பேசிக்கலாம்."

பத்திரிகை அடித்தாகிவிட்டது. இளம்பிள்ளையில் கூறைச் சேலை நெய்யக் கொடுத்தாகிவிட்டது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பொடியை எவன் போட்டா உனக்கென்ன புள்ள? தப்பாப் பாத்துட்டேன் அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

நான் தப்பாகப் பார்க்கவில்லையே! பொய் சொல்லாத பெண் என்று பேர் வாங்க ஒரு பொய் சொல்லவேண்டுமென்றால் அப்படிப்பட்ட கல்யாணமே எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். அப்பா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முன்வரிசையில் மாமியார், மூர்த்தி, நான், அப்பா. சேலத்தில் மேடையைத் தொட்டுக் கும்பிட்டு ஏறும் என் ஸ்டீல் செல்வம், இங்கே காறித் துப்பிக்கொண்டே ஏறினார். "உங்கூர்க் கோழிக்கு இருக்கற வீரங்கூட உங்களுக்கு இல்லடா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் அழுகின முட்டையை வீசியது. (அந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.) பத்தே நிமிடத்தில் அவர் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, ராசுவின் கண்ணில் பொடியை ஊதினார். ரெஃப்ரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இருந்தது பரிதாபம். "பாத்தியா சாமி?" என்றார். மூர்த்தி தரையைப் பார்த்தார். அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து ஆவேசம் வந்ததோ தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி, கயிற்றுக்குக் கீழே புகுந்து, ராசுவின் நெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்ற ஸ்டீல் செல்வத்தின் காதைப் பிடித்துத் திருகினேன்.

"சேலத்துல பொடி போட்டது யாருங்க? சொல்லுங்க!" (காதைத் திருகும்போதும் 'ங்க'வை விடவில்லை. வளர்ப்பு அப்படி.)

"அம்மிணி, உடுங்க, ஆட்டம் நடக்குதுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் செல்வம்.

"சொன்னாத்தான் உடுவேன். என் கல்யாணம் நிக்கப்போகுதுங்க!"

காலுக்கடியில் மல்லாந்து கிடந்த ராசு, மூடிய கண்ணைத் திறக்காமலே, "சொல்லித் தொலையேன் செல்வா, பாவம், கல்யாணம்ங்கறாங்கல்ல," என்றார்.

இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்த அறிவிப்பாளர் மைக்கைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் நீட்டினார். நான் காதை இன்னொரு சுற்றுத் திருகினேன்.

"அங்க ராசு போடுவான், இங்க நான் போடுவேனுங்க! எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊர்க்காரன் நல்லவன், வந்தவன் கெட்டவன், அதானுங்க பேச்சு! பொடியும் வெறும் பவுடருங்க!"

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டியிருந்த அத்தனை ஸ்பீக்கரிலும் அது கேட்டது. ரிக்கு ராசு எழுந்து உட்கார்ந்து, பளிச்சென்ற இரண்டு கண்களாலும் கூட்டத்தைப் பார்த்தார். அதில்தான் காரியம் கெட்டுப்போயிற்று. நாற்காலிகள் பறந்தன. முட்டைகள் இந்த முறை ஜில்லா பேதமில்லாமல் நான்கு பேர் மேலும் விழுந்தன. என் தோளிலும் ஒன்று உடைந்தது.

மேடைக்குப் பின்னால் ஓடினால், அங்கே ஒரே ஒரு வேன். இரும்பும் கோட்டையும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அதில் ஏறிக்கொண்டிருந்தன. செல்வத்தின் காது செம்பருத்திப் பூப்போலச் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. வயிற்றுப் பிழைப்பில் கை வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

"கல்யாணம் நல்லா நடக்கோணுமுங்க," என்றார் அவர். "வர்ற வாரம் ராசிபுரத்துல ஆட்டம். கையெடுத்துக் கும்பிடறேன், அங்க வந்துராதீங்க."

"ராசிபுரம் ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குதே, அங்க யாருங்க நல்லவங்க?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"காசு சுண்டிப் பாப்பமுங்க," என்றார், வேன் கிளம்பிவிட்டது.

திடலில் சாயாமல் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். ராசுவின் முழங்கால் வலிக்காக வேண்டிக்கொண்டு ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திய மனுஷி அவர். அப்பா தூரத்தில் கைகட்டி நின்றார். முட்டை வழிய வழிய நான் போய் எதிரில் நின்றேன்.

"அத்தை, நான் பொய் சொல்லலைங்க."

அவர் என் தோளில் ஒட்டியிருந்த முட்டை ஓட்டை எடுத்துப் போட்டார்.

"சொல்லல. நீ பொய் சொல்லல. மூர்த்தி, பத்திரிகையைக் குடுக்க ஆரம்பிச்சுரு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உண்மைதான் சாமி. ஆனா அதை இப்ப யாரு கேட்டா?"

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்த வீட்டில் நான் ஓர் உண்மையைச் சொல்லிவிட முடியாது. வடையில் உப்பு அதிகம் என்றாலும், நாத்தனார் பையன் பரீட்சை எழுதவே போகவில்லை என்றாலும், "யாரு கேட்டா?" என்று மூர்த்தி ஆரம்பிப்பார். என் பெண்ணும் பையனும் கோரஸ் பாடுவார்கள். எண்பதைத் தாண்டிய என் மாமியாருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது, இது மட்டும் மறப்பதில்லை. கட்டிலிலிருந்தே எல்லோரையும்விடச் சத்தமாக, "யாரு கேட்டா?" என்பார்.

நானும் சளைக்கிறவள் இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வேன்:

"நான் கேட்டேன். கயித்துக்குள்ள பூந்து காதைத் திருகிக் கேட்டேன். கேக்காம ஊட்டுக்குத் திரும்பியிருந்தா, இன்னைக்குக் கோரஸ் பாடறதுக்கு நீங்க ரெண்டு பேரும் பொறந்திருக்கவே மாட்டீங்க."