தொடாதே சார் தறியில் உட்கார்ந்த கதை

"ராட்டை சுத்தற வீட்டுப் பொண்ணுன்றாங்க. இதுக்கு ஆபீஸ் வேலை வருமா?"

நான் வேலையில் சேர்ந்த அன்று, என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே காவல்காரரிடம் இப்படிக் கேட்டவர் எங்கள் சர்க்கார் கலை மையத்தின் காரியதரிசி. என் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். என் எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டை அம்மா தன் கல்யாணப் புடவையோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவள் சும்மா இருப்பேனா? "வரும் சார். வராட்டி நீங்க சொல்லிக் குடுப்பீங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல மேஜை மேலருந்து கையை எடும்மா" என்றார்.

மனிதக் கை படுவதற்காக உலகத்தில் எந்தப் பொருளும் படைக்கப்படவில்லை என்று மனதார நம்பிய ஒரே மனிதர் அவர்தான். எங்கள் காஞ்சிபுரத்தில் சாமி தேரின் வடத்தை ஆயிரம் பேர் பிடித்து இழுக்கலாம். இவர் பொறுப்பில் இருக்கும் மண்சட்டியை ஒருத்தர் தொட முடியாது. வீணைக்கு மேலே 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒன்று. பார்வையாளர்களுக்காக வாங்கிப் போட்ட நாற்காலிகளின் மேல் வரிசையாக நாலு. ஒருநாள் ஒரு பலகை கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்தப் போனேன். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அதையுந்தான்."

ஊர் அவருக்குத் தொடாதே சார் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. பொதுமக்களுக்குக் கைவேலைப் பயிற்சி நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்களே, அதுதான் ஆச்சரியம்.

'பொதுமக்கள் கலைகளைத் தம் கையாலேயே செய்து பழக வேண்டும்' என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'கையாலேயே' என்பதைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து, தட்டச்சுப் பிழையா என்று விளக்கம் கேட்டு எழுதினார். பிழை இல்லை என்று பதில் வந்தபின் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

முதல் பயிற்சி மண்பாண்டம். ஓரிக்கையிலிருந்து ஒரு குயவர் சக்கரமும் மண்ணுமாக வந்து சேர்ந்தார். முப்பது பேர் கூடியிருந்தார்கள். தொடாதே சார் பத்தடி தள்ளி ஒரு கயிறு கட்டி, அவர்களை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"சார், எப்போ செய்யறது?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"இப்பவே செய்யலாம். அவர் அங்க செய்யறதைப் பார்த்துக்கினே நீங்க இங்க காத்துல செய்யுங்க."

முப்பது பேரும் காற்றில் பானை வனைந்தார்கள். குயவர் பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் உண்மைப் பானையை மூன்று முறை சாய்த்துவிட்டார். அடுத்த வாரம் பொம்மைக்கு வண்ணம் பூசும் பயிற்சி. தூரிகை கொடுத்தார், வண்ணம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கியவர்.

இந்த அழகில் சென்னை எங்களுக்கு ஒரு தறி அனுப்பியது. காஞ்சிபுரத்து மக்களுக்கு நெசவு கற்றுக் கொடுக்க வேண்டுமாம்.

"சார், இந்த ஊருக்கே தறியா? எங்க தெருவுல தறி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்" என்றேன்.

"மேல இருந்து அனுப்பினா தேவைன்னு அர்த்தம்மா. கயிறு எங்கே?"

தறியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. அடுத்த மாதம் ஒரு பெண் அதிகாரி நேரில் வருகிறார். நெசவுப் பயிற்சியில் மக்கள் தாங்களாக ஈடுபடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சித் திட்டம் மூடப்படும், அதற்கென்று நியமித்த தற்காலிக உதவியாளர் பணியும் அன்றோடு முடியும்.

தற்காலிக உதவியாளர் நான்தான். வேலை போனால் மறுநாள் காலை அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ராட்டையைப் போட்டு என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். ராட்டை சுற்றுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால், "படிச்சு என்ன கிழிச்சா?" என்று கேட்கத் தெருவே காத்திருந்தது.

கூட்டம் சேர்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நெசவாளிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லார் வீட்டிலும் ஒரே பதில்: "வேலை நாள்ல எவன்மா வருவான்? லீவு நாளா பாத்து வை." நெசவாளிக்கு லீவு அமாவாசை. சென்னை சொல்லியிருந்த வாரத்திலேயே அமாவாசை விழுந்தது. அந்த நாளைக் குறித்து அனுப்பிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அப்பா முதல்நாள் வந்து தறியில் பாவு நூலை ஏற்றித் தயாராக வைத்துவிட்டுப் போனார். என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்பா" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று அறுபது பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லையே" என்றார். நான் முன்னால் போய் நின்று, "ஒவ்வொருத்தரா வந்து தறியில உக்காருங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. அறுபது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

முன் வரிசையில் இருந்த என் சித்தப்பாதான் வாயைத் திறந்தார். "ஏம்மா, இன்னிக்கு அமாவாசை. அமாவாசையில தறியத் தொடுவாங்களா? நீ நெசவுக்காரன் வூட்லதானே பொறந்தே?"

சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். அமாவாசையன்று அப்பா தறி இருக்கும் பக்கம்கூடப் போக மாட்டார். தலைகளை எண்ணிய அவசரத்தில் கைகளை மறந்துவிட்டேன்.

தொடாதே சார் என் காதருகே வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "என்ன ஒழுக்கமான ஜனங்கம்மா. நான் இத்தனை வருஷமா தேடினது இவங்களைத்தான்."

அதிகாரி அம்மா நோட்டைத் திறந்தார். "தறி இருக்குது, ஆள் இருக்குது. நெய்யறது யாரு?"

பேனா மூடியைக் கழற்றுவது தெரிந்தது. அந்தப் பேனாவுக்குக் கீழேதான் என் வேலை இருந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: "எங்க சார் நெய்வார் மேடம். ஜனங்க சொல்லிக் குடுப்பாங்க."

"நானா?" என்றார் அவர். "நான் எதையும் தொட்டதே இல்லையேம்மா."

"தெரியும் சார்" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். அவர் குனிந்து உள்ளே போனார். தறிப் பலகையில் ஒரு ஓரமாக, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததைக் காஞ்சிபுரம் அதுவரை பார்த்ததில்லை. அறுபது நெசவாளிகள் தங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சர்க்கார் ஆளை வேலை வாங்கினார்கள்.

"வலது மிதிய அமுக்கு சார். அது எடது."

"அதுதான் எடதுன்றாங்க இல்ல, காலை எடு."

"நாடாவைத் தள்ளு சார். தடவிக் குடுத்துக்கினு இருக்கியே, அது என்ன பூனையா?"

"ஊதா இழை அறுந்துபோச்சு. முடி போடு. ஐயோ, பூணூல் மாதிரி முறுக்காதே சார்."

சித்தப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, தாவாங்கட்டையாலேயே வழி காட்டினார். வேர்த்துக் கொட்டிய தொடாதே சார், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் அந்த நாடாக் கட்டையை ஒரு வேகத்தில் விட்டார். அது தறியைத் தாண்டிப் பறந்து, தரையில் வழுக்கிக்கொண்டு, அதிகாரி அம்மாவின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றார் எங்கள் சார்.

மேலதிகாரியைப் பார்த்து இப்படிச் சொன்ன பிறகு திட்டமாவது, உதவியாளராவது. நான் மனதுக்குள் ராட்டையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நெசவாளிங்க இன்னிக்குத் தொட மாட்டாங்க. நீங்க எடத்தை விட்டு எழுந்திருக்கிறதாத் தெரியல. நானும் தொடக் கூடாதுன்னா இது எப்படித் திரும்பி வரும்?" என்று அதிகாரி அம்மா நிதானமாகக் கேட்டார்.

தொடாதே சார் நாடாவைப் பார்த்தார். பாதி நெய்த துணியைப் பார்த்தார். அடுத்த இழை ஓட்டாமல் எழுந்து போக அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி," என்றார். "தொடுங்க."

அறுபது பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் காவல்காரர் ஏதோ கலாட்டா என்று உள்ளே ஓடி வந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் நாலு விரல் துணி நெய்தார். இரண்டு ஓரமும் பாலாறு மாதிரி வளைந்து வளைந்து போயின. நாலு விரலில் மூன்று விரலை மறுநாள் அப்பா பிரித்துவிட வேண்டியிருந்தது. அதிகாரி அம்மா மட்டும், 'மக்கள் ஈடுபாடு மிகச் சிறப்பு. இங்கு மக்களே ஆசிரியர்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். திட்டம் பிழைத்தது. என் பணியிலிருந்த 'தற்காலிக' என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். அதிகாரிகள் வேலை செய்ய, பொதுமக்கள் மேற்பார்வை பார்க்கும் இந்தப் புது முறையை மற்ற ஊர்களும் பின்பற்ற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எந்த ஊரிலும் பலிக்கவில்லையாம்.

தொடாதே சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். போன வாரம் வந்தார். "பொதுமக்கள்னா யார் வேணும்னாலும் வரலாமாம்மா?" என்று கேட்டார்.

ஐயம்பேட்டையில் புது நெசவு வகுப்புக்கு இடம் பார்த்துச் சாவி வாங்கியாகிவிட்டது. வேலை நாளாகப் பார்த்துத்தான் தொடங்குகிறோம். சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்ட நாலு பேரைத் தவிர, வருகிறவர்கள் எல்லாம் தறியையே அறியாதவர்கள். பெயர்ப் பட்டியலில் முதல் ஆளாக அவரைச் சேர்த்துவிட்டேன். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன்.

"நெசவுன்னு போடும்மா. இப்பதான் ஆரம்பம்னு பக்கத்துல எழுதிடு."

அப்படியே எழுதியிருக்கிறேன்.