191-ஆம் தொகுதியில் நேர்ந்த கலப்படம்

தண்ணீரைத் தண்ணீர் என்றே அழைத்துக்கொண்டிருந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டிய பெருமை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய சோப்பு ஆலையின் முதல் மாடியில் இயங்கும் ஒரு நிறுவனத்தையே சேரும். அங்கே தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே போகும். ஐந்நூறு லிட்டர் எஃகுத் தொட்டியில் சிறிது நேரம் சுற்றும். பிறகு நூறு மில்லி புட்டிகளில் ஏறி, 'ஈரமூட்டும் கொலாஜன் முகச்சாரல்' என்ற பெயருடன் வெளியே வரும். இடையில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் அறிவியலின் எதிரிகள்.

அறிவியலின் எதிரிகள் நாளுக்கு நாள் பெருகியதால், நிறுவனம் 'உட்பொருள் புரிதல் பிரிவு' ஒன்றைத் தொடங்கியது. புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால், மேற்கொண்டு எதுவும் கேட்காத அளவுக்கு அவருக்குப் புரியவைப்பதே அந்தப் பிரிவின் பணி. பிரிவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தராசு இருந்தன. வேதியியல் படித்த ஒரு பெண்ணும் இருந்தாள். எல்லோரும் அவளைப் 'பட்டதாரி' என்று கூப்பிட்டார்கள்.

அதற்கு முன் அவள் ஏழு நேர்முகத் தேர்வுகளில் தோற்றிருந்தாள். எல்லாவற்றிலும் அவளைப் பேசச் சொன்னார்கள். விடை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த எட்டாவது இடத்தில் முதலாளி மட்டுமே நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில், "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "புரிதல் பிரிவுக்கு இப்படி ஒருத்தங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அது முடிந்தால் நிரந்தரம். முடியாவிட்டால் ஒன்பதாவது நேர்முகத் தேர்வு.

அவள் அக்காவுடன் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தாள். அக்காவுக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. முகச்சாரலின் உண்மையான பக்தை அவள்தான்.

"நாள் முழுக்கப் பல்வலிக்காரங்களப் பாத்துச் சிரிக்கிற மூஞ்சிடி இது. இதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை அடித்துக்கொள்வாள். ஒருநாள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"படிச்சவதானே நீ, சொல்லு. இதுல என்னதான் இருக்கு?"

"தண்ணி."

"அப்புறம்?"

"கிளிசரின். அது தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும்."

"அப்புறம்?"

"கெட்டுப்போகாம இருக்க ஒண்ணு. வாசனைக்கு ஒண்ணு. வாசனை தண்ணில கரையறதுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நுரைக்காம இருக்க இன்னொண்ணு."

"என்னடி இது, ஒருத்தர் ஊருக்குப் போறதுக்கு வழியனுப்ப வந்தவங்க மாதிரி இத்தனை பேரு? சரி, கொலாஜன் எங்க?"

"பத்தொன்பதாவது. அளவு கொறையக் கொறையப் பேரு கீழ போகும். ஒரு சதவீதத்துக்கும் கீழன்னா, யாரு முன்ன யாரு பின்னங்கறது கம்பெனி இஷ்டம்."

அக்கா யோசித்தாள். "அவங்க இஷ்டமா இருந்துமா அதைக் கடைசில வெச்சிருக்காங்க?"

"முன்பக்கம்தான் பெருசாப் போட்டிருக்காங்களே."

"அது சரி. மூஞ்சிக்குள்ள போகுமா?"

"போகாதுக்கா. அது ஒரு புரதம், பெரிய மூலக்கூறு. தோலுக்கு மேல உக்காந்து கொஞ்சம் ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கும் ஒரு அளவாவது இருக்கணும்."

"வாசல் வரைக்கும் வந்தவங்களை உள்ள கூப்பிடாம நிக்க வெச்சா, நம்ம தோலுக்குத்தான் கெட்ட பேரு" என்று அக்கா இன்னும் இரண்டு தடவை அடித்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் புரியவைக்க முடியவில்லையே என்று பட்டதாரி வருந்தவில்லை. புரிதல் பிரிவின் நோக்கம் முழுமையாக நிறைவேறிய தருணம் அது.

நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகத் தொட்டியைக் கலக்குகிறவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'டேங்க் அண்ணன்'. தகுதிகாண் பருவத்தின் கடைசி மாதத்தில், கண் பரிசோதனைக்கு அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தார்.

"நாளைக்கு மட்டும் நீ பாத்துக்கம்மா. எல்லாம் சீட்டுல இருக்கு. பாத்துப் பாத்துப் போட்டா முடிஞ்சுது."

சீட்டில் எல்லாம் இருந்தன. பதினெட்டு வரிகளில் பதினெட்டுப் பொருட்கள், கிராம் சுத்தமாக. பத்தொன்பதாவது வரி மட்டும் இப்படி இருந்தது: 'கொலாஜன் - தேவையான அளவு.'

அவள் டேங்க் அண்ணனின் எண்ணை இரண்டு முறை எடுத்தாள். கண்ணில் மருந்து விட்டிருப்பார்கள் என்று இரண்டு முறையும் வைத்துவிட்டாள். எதிரே விளம்பர மேலாளரான மேடத்தின் அறை திறந்திருந்தது. மேடமும் முதலாளியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கிறவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்பது அவளுக்கு வராத கலை.

ஆகவே அறிவியல் பயின்றவர் எதைச் செய்வாரோ அதைச் செய்தாள். மூல ஆதாரத்தைத் தேடினாள். அது சுவரிலேயே ஒட்டியிருந்தது. 'கொலாஜன் நிறைந்தது! ஒவ்வொரு துளியிலும் கொலாஜனின் வளம்!' நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாத ஒன்றை 'நிறைந்தது' என்று மனசாட்சியுள்ள யாரும் எழுதமாட்டார்கள் என்று அவள் முடிவு செய்தாள். அனுபவமின்மை என்பது இதுதான். ஐந்நூறு லிட்டருக்கு ஐந்து சதவீதம், இருபத்தைந்து கிலோ.

குளிர் அறைக்குப் போனாள். அங்கே இருந்த ஒரே கொலாஜன் டிரம்மின் மேல் 'மீன் தோல் கொலாஜன், 25 கிலோ' என்று அச்சிட்டிருந்தது. கணக்கும் டிரம்மும் இப்படிக் கைகோத்து நின்றால் அறிவியலில் அதற்குப் பெயர் நிரூபணம். நிறுத்துப் பார்த்தாள். இருபத்து நான்கு கிலோ எண்ணூற்றுப் பத்து கிராம் இருந்தது. குறைந்த நூற்றுத் தொண்ணூறு கிராம் எங்கே போனது என்று ஒரு கணம் உறுத்தியது. பிறகு, முழு டிரம்மையும் தொட்டியில் கொட்டினாள்.

191-ஆம் தொகுதி இவ்வாறு பிறந்தது.

தரச் சோதனை வழக்கம்போல் நடந்தது. புட்டியைத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் தேர்ச்சி. இந்த முறை வித்தியாசம் தெரிந்தது. லேசான மஞ்சள். விளம்பர மேடம் ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொன்னிறம்! நாலு வருஷமா இந்த நிறத்துக்குத்தான் நான் தவம் கிடந்தேன். அனுப்புங்க."

ஐயாயிரம் புட்டிகள் போயின. பட்டதாரி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

வாசனைத் திரவியம் நான்கு நாட்கள் தன் கடமையைச் செய்தது. ஐந்தாவது நாள் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"ஏய்! உன் கம்பெனிக்காரன் எனக்கு டூப்ளிகேட் குடுத்துட்டான்டி!"

"என்னக்கா ஆச்சு?"

"மூஞ்சி பசை மாதிரி இழுக்குது. மீன் கழுவுன தண்ணி வாடை. நேத்து வேலைக்குப் போறப்போ பக்கத்து வீட்டுப் பூனை பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்துச்சு. நானும் நம்ம அழகுலதான் மயங்கிடுச்சுன்னு நெனச்சேன்."

"பிசுபிசுன்னா இருக்கு?"

"சிரிச்சா கன்னம் மறுபடி கீழ வரமாட்டேங்குது. டாக்டர் கேக்கறாரு, 'என்னம்மா, இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க'ங்கறாரு."

பட்டதாரி புட்டியை வாங்கித் தொகுதி எண்ணைப் பார்த்தாள்: 191.

தகுதிகாண் பருவத்தின் கடைசி நாளன்று அவசரக் கூட்டம் கூடியது. மேசையின் ஒரு பக்கம் முதலாளி, விளம்பர மேடம். மறுபக்கம் டேங்க் அண்ணன், பட்டதாரி. நடுவே குற்றம் சாட்டப்பட்ட புட்டி, மூடியோடு. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த அந்த விசாரணையை முதலாளி தணிந்த குரலில் தொடங்கினார்.

"நான் சுத்தி வளைக்க விரும்பல. நம்ம கொலாஜன் சாரல்ல யாரோ கொலாஜனக் கலந்திருக்காங்க."

மேடம் புகார்க் கோப்பைத் திறந்தார்.

"அறுபத்து மூணு புகார் சார்" என்றார் மேடம். "பிசுபிசுப்பு, வாடை, அடைச்சுக்கிட்டு அடிக்க மாட்டேங்குது, போலிச் சரக்கு. நாலு வருஷமா ஒரு புகார் உண்டா? அவ்வளவு சுத்தமா இருந்துச்சு நம்ம பொருள்."

"புகார் சொல்றதுக்கு அதுல ஏதாவது இருக்கணும்ல மேடம்?" என்றார் டேங்க் அண்ணன், கண் மருத்துவர் போட்டுக்கொள்ளச் சொன்ன பச்சைக் கண்ணாடியைச் சரிசெய்தபடி.

"அண்ணே, நீங்க வாயத் திறக்காதீங்க. நீங்க லீவு போட்டதாலதான் இவ்வளவும்" என்றார் முதலாளி. பிறகு பட்டதாரியைப் பார்த்தார். "எவ்வளவும்மா போட்டீங்க?"

"டிரம்... முழுசும் சார்."

முதலாளி கண்களை மூடிக்கொண்டார். பெரிய மனிதர்கள் பேரிழப்பைத் தாங்கும் விதம் அது.

"சீட்டுல 'தேவையான அளவு'ன்னுதான் இருந்துச்சு" என்றாள். ஆறு மாதத்தில் ஒரு கூட்டத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம். இரண்டாவதும் பின்னாலேயே வந்தது. "நீங்க எவ்வளவுண்ணா போடுவீங்க?"

டேங்க் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் கரண்டியை எடுத்தார். குழந்தைகளின் மருந்துப் பொடி டப்பாவோடு வருமே, அது. "இதுல தலை தட்டி ஒண்ணு. ஒரு கிராம்."

"ஒரு டேங்க்குக்கா?"

"ஒரு டேங்க்குக்கு. தேவையான அளவுன்னா யாருக்குத் தேவை? பேரு போட்டிருக்கோம்ல, அந்தப் பேருக்குத் தேவை. இதையெல்லாம் பேப்பர்லயா எழுதி வெப்பாங்க? ஒரு போன் போட்டிருக்கலாம்லம்மா நீ."

நூற்றுத் தொண்ணூறு தொகுதிகள். தொகுதிக்கு ஒரு கிராம். டிரம்மில் குறைந்த நூற்றுத் தொண்ணூறு கிராம் எங்கே போயிற்று என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு புதிர் விடுபடும்போது வருகிற சந்தோஷம், வேலை போகப்போகிற அந்த நேரத்திலும் வந்து தொலைத்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் முதலாளி. "அந்த ஒரு கிராமும் போடாம இருந்தா அது மோசடி. நாங்க மோசடி பண்றவங்க இல்ல. ஐயாயிரம் புட்டிக்கும் அதைப் பாரபட்சமில்லாமப் பிரிச்சுக் குடுக்கறோம்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் நிரந்தரப் பணி உத்தரவு. இன்னொன்றில் விடுவிப்பு உத்தரவு.

"நாளைக்குப் பேப்பர்ல ஒரு அறிவிப்பு வரணும். படிச்சதும் ஜனங்க மறுபடி நம்பணும். நீங்க எழுதுங்க. நல்லா வந்தா இது. இல்லேன்னா அது."

"'மீன்'ங்கற வார்த்தை வரக்கூடாது" என்றார் மேடம். "'தண்ணி'ங்கற வார்த்தை எந்தக் காலத்துலயும் வரக்கூடாது."

அவள் தாளை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். பேசுவதற்குத்தான் வராது, எழுத வரும். பத்து நிமிடத்தில் இரண்டு வாக்கியங்களோடு திரும்பினாள். 'எங்கள் கொலாஜன் முகச்சாரலின் 191-ஆம் தொகுதியில் தவறுதலாகக் கொலாஜன் கலந்துவிட்டது. வருந்துகிறோம்.'

நடந்தது அவ்வளவுதான். அதைவிடக் குறைத்து எழுத அவளுக்குத் தெரியவில்லை.

மேடம் படித்தார். "வறட்சியா இருக்கு" என்று 'கொலாஜன்' என்பதற்கு முன்னால் 'தூய' என்று சேர்த்தார். டேங்க் அண்ணன் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பட்டதாரியை ஒரு முறை பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார். "எனக்கு இப்ப எழுத்து சரியாத் தெரியலம்மா" என்று நகர்த்திவிட்டார்.

முதலாளி மூன்று முறை படித்தார். கண் கலங்கியது.

"நேர்மை! இதுதான் நம்ம கம்பெனி. ஆனா ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் வருமே. பழைய புட்டி வெச்சிருக்கறவங்க பயந்துட மாட்டாங்களா?" பேனாவை எடுத்தார். நிறுவனத்தைத் தொடங்கிய அதே தொலைநோக்குடன், தன் கைப்பட ஒரு வாக்கியம் சேர்த்துக் கீழே கையெழுத்திட்டார்.

பட்டதாரி அதைப் படித்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

ஆறு மாதத்துக்கு முன் கேட்ட அதே குரல். விடை தொண்டை வரைக்கும் வந்தது. அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இதான்மா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே" என்று முதலாளி முதல் உறையை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை அக்கா நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள். ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பூனை நம்பிக்கையோடு காத்திருந்தது. அலமாரியில் பழைய தொகுதிகளின் காலிப் புட்டிகள் பதினொன்று வரிசையாக நின்றன. அழகாக இருக்கிறதென்று அக்கா எதையும் தூக்கிப் போடுவதில்லை.

"ஏய், உங்க அறிவிப்பு வந்திருக்குடி!" என்று உரக்கப் படித்தாள். "'191-ஆம் தொகுதியில் தவறுதலாகத் தூய கொலாஜன் கலந்துவிட்டது. வருந்துகிறோம். இதற்கு முந்தைய நூற்றுத் தொண்ணூறு தொகுதிகளிலும் இத்தகைய தவறு ஒருமுறைகூட நேர்ந்ததில்லை என்று...'"

குரல் மெதுவாக நின்றது. அக்கா அலமாரியைப் பார்த்தாள். பதினொன்றையும் விரல் நீட்டி எண்ணினாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா இதுலெல்லாம்?"

உட்பொருள் புரிதல் பிரிவின் நிரந்தர அலுவலர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது.

"மிச்சத்தையும் படிச்சுப் பாருக்கா" என்றாள். "முதலாளியே கையெழுத்துப் போட்டு உறுதி குடுத்திருக்காரு."