ஜோடி ஊசி நர்சம்மா

காஞ்சிபுரத்தில் யமனுக்குப் பயப்படாத ஆம்பிளைகளை நான் பார்த்திருக்கிறேன். போலீசுக்குப் பயப்படாதவர்களும் உண்டு. ஆனால் ஜோடி ஊசி நர்சம்மாவுக்குப் பயப்படாத ஆம்பிளை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருத்தன்கூடக் கிடையாது. அவருடைய சைக்கிள் மணி பிள்ளையார்பாளையத்துக்குள் கேட்டால் போதும், பீடியைப் போட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடுவார்கள். ஓடியவர்களில் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற பெரிய மனிதர்களும் உண்டு.

கனத்த உடம்பு, வெள்ளைப் புடவை, சைக்கிளுக்குப் பின்னால் ஊசி டப்பா, முன்னால் ஒரு கறுப்புக் குடை. வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. ஓடுகிறவனை நிறுத்தத்தான் அது.

அந்தப் பெயர் வந்த கதை இது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மேகநோய், அதாவது சிபிலிஸ், என்று தெரிந்தால் நர்சம்மா அந்தப் பெண்ணுக்கு அப்போதே பென்சிலின் ஊசி போட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பார். "ஜோடி எங்க?" என்பார். புருஷனுக்கும் போட்டு முடிக்கிறவரை விடமாட்டார்.

ஒருத்தன் வெட்கப்பட்டுக்கொண்டு தனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பிவிட்டான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் குட்டு உடைந்தது. நர்சம்மா நேராக அண்ணன்காரன் வேலை செய்கிற சாயப்பட்டறைக்கே போய்விட்டார். "ஊசிக்குத் தம்பிய அனுப்பினியே, தாலி கட்டவும் தம்பியத்தான் அனுப்பினியாப்பா?" பட்டறையே சிரித்தது. அவன் கையெல்லாம் சாயத்தோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை ஒரு ரகசிய வைத்தியர் வந்து உட்காருவார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆம்பிளைகள் போய் லேகியம் வாங்கி வருவார்கள். நர்சம்மா எதிரே சைக்கிளை நிறுத்தி நிற்பார். திட்டமாட்டார். துண்டுக்குள் குனிந்து பார்த்து, "வீட்ல பொஞ்சாதி சௌக்கியமாப்பா?" என்று ஒவ்வொருத்தனையும் விசாரிப்பார். அவ்வளவுதான். பாதிப் பேர் லாட்ஜுக்குள் போகாமலே திரும்பிவிடுவார்கள்.

இதைக் குடும்பத்தோடு படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். எங்கள் ஊரில் அந்த நோய்க்கு 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர். வெளியே போய் வாங்கி வருகிறவன் ஆம்பிளை, பெயர் மட்டும் பொம்பளைக்கு. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த அநியாயம் புரிவதற்குப் படிப்பு வேண்டாம்.

என் தங்கைக்கு முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவதும் அப்படியே. நாங்கள் போகாத கோயில் இல்லை. மரத்தில் தொட்டில் கட்டினாள், ஈரத் துணியோடு அடிப்பிரதட்சிணம் செய்தாள், மண்சோறு தின்றாள். ஜோசியர் அவள் ஜாதகத்தில்தான் தோஷம் என்றார். அவள் மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்தாள். சாமி மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை. விரதம் இருக்கவேண்டியவனை வீட்டில் சாப்பிட வைத்துவிட்டு இவளை அனுப்பினால் சாமிதான் என்ன செய்யும்?

மூன்றாவது முறை அவள் உண்டானபோது நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். பிறகு நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உன் தங்கச்சிக்கு ஊசி போட்டாச்சு. ஜோடிய இட்டுக்கினு வாப்பா."

"மாப்பிள்ளைகிட்ட இத எப்படிம்மா கேக்கறது?"

"வாயாலதான். இவளுக்கு மட்டும் போட்டா பத்தாது. அவன் மறுபடி இவளுக்குக் குடுப்பான். இந்தப் புள்ளையும் அப்படியே போயிடும். மரியாத பெருசா, புள்ள பெருசா?"

போனேன். எங்கள் தெருவின் கடைசியில்தான் மாப்பிள்ளை வீடு. அவர் தறியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. மாதாமாதம் முதலாளியின் புடவை மூட்டையோடு பட்டணம் போய் லாட்ஜில் தங்கி வருகிறவர் அவர். "ரத்தம் கெட்டது அவளுக்கு. என்ன ஏன் மச்சான் இழுக்கற? எங்க போய் வாங்கினாள்னு உன் தங்கச்சியக் கேளு" என்றார்.

அவர் நெற்றியில் விபூதி இருந்தது. அதனால்தான் நான் கையை ஓங்கவில்லை.

நர்சம்மாவிடம் அழுகிற குரலில் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "உங்க தெருவுல எல்லாரும் தறியில உக்கார்றது எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தறி குழித்தறி. தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். முன்னால் இழுத்துக் கட்டிய பாவு நூல், மடியில் பாதிப் புடவை. உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்து ஓட முடியாது. இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் காலை, தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற நேரம், பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டு நர்சம்மா வந்தார். முதல் வீட்டில் ஆரம்பித்தார். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெருவே தானாக நினைத்துக்கொண்டது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எதிர் வீட்டுக்காரர் மட்டும் வாயாடினார். "யானக்காலுக்கு ராத்திரியிலதானே ரத்தம் எடுப்பாங்க, நர்சம்மா?"

"உன் யான பகல்லயே முழிச்சிக்கினு இருக்குது. கைய நீட்டுப்பா."

எனக்கும் குத்தினார். வீடு வீடாகக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை குழியில் நெளிந்தார். பாவு அறுந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். கையை நீட்டினார்.

மறுவாரம் நர்சம்மா திரும்பி வந்தார். தெருவில் இன்னும் சில வீடுகளுக்கும் போனார். யார் யார் வீடு என்று இன்றுவரை நான் சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டில் நானும் இருந்தேன். அவருடைய அம்மா மூலையில் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

நர்சம்மா குனிந்து மெதுவாகச் சொன்னார். "உனக்கும் இருக்குதுப்பா. ஆஸ்பத்திரிக்கு வா, ஊசி போட்டா போயிடும்."

மாப்பிள்ளைக்கு முகம் கறுத்தது. "அதெல்லாம் இல்ல. எனக்குத்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே லாட்ஜு வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கித் தின்னு புண்ணு ஆறிப்போச்சே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. ராட்டை நின்றது.

தெரிந்திருக்கிறது. என் தங்கை வெறும் தரையில் மண்சோறு தின்றபோது பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அவருடைய அம்மா எழுந்து வந்தாள். வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்த அதே அம்மா. "எழுந்துருடா" என்றாள்.

"அம்மா, பாவு..."

"பாவு கெடக்குது. ரெண்டு புள்ளையக் குழியில வெச்சிட்டு வந்தேன்டா நானு. எழுந்து வா."

நர்சம்மா குடையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மாப்பிள்ளை குழியிலிருந்து ஏறினார்.

இரண்டு பேருக்கும் ஊசி முடிகிறவரை தங்கை என் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நர்சம்மாவின் உத்தரவு. இருந்தாள். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், "ஒருத்தருக்காகத் தெருவையே ஏம்மா குத்தினீங்க?"

"ஒரு வீட்டுக்கு மட்டும் போனா அந்த வீட்டுப் பொண்ணு தலையிலதானேப்பா விடியும்?"

பெண் குழந்தை பிறந்தது, அழுதுகொண்டே. அதற்கும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் நர்சம்மா சிரித்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, "ஊசிக்கு நீ கத்தினதுல பாதிகூட இது கத்தலியேப்பா" என்றார்.

கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்தது. ஊர் மானத்தை வாங்குகிறாள் என்று மேலிடத்தில் போய்ச் சொன்ன பெரிய மனிதர்கள் யார் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். சந்துக்குள் ஓடிய அதே மனிதர்கள்தான். லேகிய வைத்தியருக்கு மட்டும் மாற்றல் எதுவும் வரவில்லை.

அந்தக் குழந்தையின் பிறந்த நாளுக்கு வருஷந்தோறும் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்வேன். குழந்தை பெயரைச் சொல்லி முடித்ததும் அடுத்த தட்டை நீட்டுவேன். முதல் வருஷம் குருக்கள், "இது யார் பேருக்கு? நட்சத்திரம் என்ன?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஒருத்தருக்கும் அவருடைய பெயர் தெரியாது.

"நர்சம்மான்னு சொல்லுங்க, சாமி."

"நர்சம்மான்னா எந்த நர்சம்மான்னு தெரிய வேணாமாப்பா?"

"நீங்க சொல்லுங்க. அவருக்குத் தெரியும்" என்று பிள்ளையாரைக் காட்டினேன்.