கடல்பாசி அண்ணாச்சியின் யானை

தென்காசி வட்டாரத்தில் தொப்பையுள்ள ஆண்களில் பாதிப் பேரையாவது கடல்பாசி அண்ணாச்சி வயிற்றைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார். முகத்தைக் காட்டினால்தான் முழிப்பார். ஒருமுறை வயிற்றை எக்கிக்கொண்டு வந்த எங்கள் முதலாளியை யாரென்று தெரியாமல், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணாச்சியும் நானும் தென்காசியில் ஒரு மாடியில் இயங்கிய அனிமேஷன் ஆபீஸில் வேலை பார்த்தோம். குழந்தைகளுக்கான பாட்டு வீடியோக்கள் செய்வோம். முயல், நரி, லட்டு தின்னும் பூனை என்று எது வந்தாலும் சதையுள்ள ஜீவன் அண்ணாச்சியிடம்தான் போகும். கம்ப்யூட்டரில் யானை நடந்தால் அதன் வயிறு தானாக ஆடாது. உள்ளே நூற்றுக்கணக்கான புள்ளிகளை வைத்து, புள்ளிக்குப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் மாட்ட வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அந்த அடக்கும் அளவுக்கு டேம்பிங் என்று பேர். கூட்டினால் யானை சிமெண்ட் தொட்டியாகிவிடும். ஒருநாள் அண்ணாச்சி அதைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோதும் யானை குலுங்கிக்கொண்டே இருந்தது. "நான் சாப்ட்டே வந்துட்டேன், நீ இன்னும் நிறுத்தலயாடே" என்று அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவருக்குப் பெயர் வந்த கதை சிறியது. தினமும் டிபன் டப்பாவில் கடல்பாசி ஜெல்லி கொண்டுவருவார். அவர் மனைவி காய்ச்சிக் கொடுப்பது. அவரை நாங்கள் எல்லோரும் மதினி என்போம். பால் விட்டு உறையவைத்த அந்த ரோஸ் நிறத் துண்டை மேசையில் வைத்து ஸ்பூனால் ஒரு தட்டு. ஆட்டம் நிற்கும்வரை எண்ணுவார். எண்ணி முடியாமல் யாரும் கைவைக்கக் கூடாது. எறும்புகள் மட்டும் அந்தச் சட்டத்தை மதித்ததில்லை.

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் மாட்டிக்கொண்டார். எண்ணெய் தேய்ப்பவர் தோளில் தட்டும்போது வயிற்றில் அலை எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனவர், அதை வீடியோவும் எடுத்துவிட்டார். போலீஸ் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கூட்டிவர நான்தான் போனேன்.

"என்னவே, ஆம்பளைய குளிக்கதப் படம் எடுக்கீரு?" என்றார் ஏட்டு.

"மூஞ்சிய எடுக்கல ஏட்டய்யா. வயித்த மட்டுந்தான். தொழில் அப்படி."

"வயித்துல என்னவே தொழில்?"

அண்ணாச்சி போனில் யானையைக் காட்டினார். ஏட்டுக்கும் நல்ல தொப்பை. அண்ணாச்சியின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"ஒரே ஒரு தடவ குதிச்சுக் காட்டுங்களேன்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஏட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குதித்தார். எடுத்த வீடியோக்களை எல்லாம் அழிக்கவைத்துத்தான் எங்களை விட்டார்.

பஸ்ஸில் நான் சிரித்து மாளவில்லை. அண்ணாச்சி சிரிக்கவில்லை. மேலகரம் நெருங்கும்போது, "மதினிக்கு முடியலலே. கொஞ்ச நாள்தான்னுட்டாரு டாக்டரு" என்றார்.

மதினி நல்ல பருமனான மனுஷி. சிரித்தால் முதலில் சத்தம் வராது. தோள் குலுங்கும். அரை நொடி கழித்து வயிறு கிளம்பும். அது கிளம்பிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களும் தப்ப முடியாது. நோய் வந்து ஆறு மாதத்தில் பாதியாகிவிட்டார்.

"போட்டோ நூறு கெடக்கு. சிரிக்க வீடியோ ஒண்ணு இல்லலே. கேமராவக் கண்டா வாயப் பொத்திக்கிடுவா. அந்தக் குலுக்கத்த யானைக்கு வச்சிரணும். டிவில அவ பாக்கணும். 'நான் போனாலும் ஊர்ப் பிள்ளைய என் சிரிப்பப் பாக்கும்லா'ங்கா."

அதற்குப் பிறகு தினமும் சாயந்தரம் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிப்போனார். மதினி கட்டிலில் படுத்தபடி தீர்ப்புச் சொல்வார். மறுநாள் அண்ணாச்சி அதை எங்களிடம் ஒப்பிப்பார். "'எங்க அத்த மாதிரில்லா சிரிக்கு'ன்னா. 'இது விக்கல்'ன்னா. 'நான் இம்புட்டுக் குண்டாவா இருந்தேன்?'னு சண்டைக்கு வந்துட்டா." கடல்பாசியை இப்போது அவரே காய்ச்சினார். அது ஒருநாளும் உறைந்ததில்லை. டப்பாவைத் திறந்தால் சட்டையில்தான் கொட்டும். அந்தக் கறையோடு ஒரு காலையில் ஓடிவந்தார். "'அந்தா நான்!'னுட்டாலே" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

பாட்டை வாங்கும் கம்பெனிக்காரர் அடுத்த வாரம் போன் செய்தார். யானை வயிறு ரொம்ப நேரம் ஆடுகிறது, ஏதோ கோளாறு மாதிரி தெரிகிறது, குறைத்து இன்றைக்கே அனுப்புங்கள் என்றார். அண்ணாச்சி அன்று மதினியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் கூப்பிடவில்லை. டேம்பிங்கை ஏற்றினேன், அனுப்பினேன், வேலை முடிந்தது என்று கீழே போய் வடை தின்றேன். அந்த வடையை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

வீடியோ வெளியான அன்று என்னையும் வீட்டுக்கு அழைத்தார். மதினிக்கு முதுகில் தலையணை கொடுத்து டிவிக்கு நேரே உட்காரவைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் யானை வந்துவிட்டது. சிரித்தது. தோள் குலுங்கியது. வயிறு ஒருமுறை அசைந்து பலகை போல நின்றுவிட்டது.

அண்ணாச்சி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியே நான்தாங்க" என்றார் மதினி. "நல்லா வந்திருக்கு."

வாசலில் நான் செருப்பு மாட்டும்போது அண்ணாச்சி கேட்டார்.

"டேம்பிங் எவ்வளவுலே வச்ச?"

சொன்னேன்.

"ம். அதான் சட்டுனு அடங்கிட்டு."

செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கம்பெனிக்காரரிடம் பழையதைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். வெளியானது வெளியானதுதான் என்றுவிட்டார். எட்டாம் நாள் மதினி போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு, மாற்றாத வீடியோவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி வாங்கி டிவியில் செருகினார். யானை சிரித்தது. தோள் குலுங்கி, அரை நொடி கழித்து வயிறு கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் தோளும் குலுங்கியது, பிறகு வயிறு. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும், அவருக்கும் ஒரு தொப்பை இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

இப்போது புளியறையில் தங்கை வீட்டில் இருக்கிறார். எங்காவது யாராவது வயிறு குலுங்கச் சிரித்தால், அனுமதி கேட்டு ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். "நல்லாத்தான் இருக்கு. ஒங்க மதினி அளவுக்கு இல்லலே."

அந்தப் பதிலுக்காகத்தான் அனுப்புகிறேன்.