ஒரே ஜீன், இரண்டு இடுப்பு

இனி என் எடையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீர்மானம் கொண்டுவந்தேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆளுக்கொரு ஓட்டு. சமமாக விழுந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் என் மனைவி.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து உண்மையைக் கக்க வைத்துவிடுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து வருஷமாக ஊரையே ஏற்றி இறக்கியவன். நானாகக் காலால் ஏறிய படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இடை இருந்த இடத்தில் எடை வந்து குடியேறிவிட்டது. தொண்ணூற்றாறு கிலோ.

"இது பரம்பரை," என்றேன். "எங்க அப்பா குண்டு. பெரியப்பா குண்டு. அத்தையைப் பத்திக் கேக்கவே வேணாம். ஜீன்லயே இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

"ஜீன்லதாங்க இருக்கு. நான் இல்லேன்னா சொன்னேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

"எவ்வளவு பசிக்கணும், கொழுப்பு எங்க போய்த் தங்கணும், இதுலல்லாம் பரம்பரைக்குப் பங்கு உண்டு," என்றாள். "ஆனா ராத்திரி வெச்ச கேக்கைக் காலையில காணோமே, அதை எடுத்தது உங்க கைதானே? பெரியப்பா கை இல்லையே?"

"அந்தக் கையைக் கொடுத்ததே பரம்பரைதான்!"

"அதுவும் சரிதான்," என்று பெருமூச்சு விட்டாள். "பாவம், உங்க தம்பியும் இப்படித்தான் கஷ்டப்படுவாரு. இரட்டைப் பிள்ளைங்க. ஒரே அச்சு."

அடடா! இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? தம்பி என்னைவிட ஏழு நிமிஷம் இளையவன். இருப்பது வேறு ஊர். நேரில் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்போது நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் போக, என் மனைவியும் அவன் மனைவியும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பேச்செல்லாம் போனில். போனில் தொப்பை தெரியாது.

"பந்தயம்!" என்று கத்தினேன். "அடுத்த வாரம் அவனை வரச் சொல்றேன். ரெண்டு பேரையும் நிறுத்துப் பாரு. எடை ஒண்ணா இருந்தா, ஆயுசுக்கும் என் சாப்பாட்டைப் பத்தி நீ பேசக் கூடாது."

"இல்லேன்னா?"

"ஒரு வருஷம் நீ சொன்னபடி கேக்கறேன்."

"வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு," என்று தயங்கினாள். நான்தான் விடாப்பிடியாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளையும் போட வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணப் போட்டோவில் இருக்கிற நான்.

"டேய் அண்ணா, ஏன்டா முழிக்கிற? நீ நகர்ந்தாத்தானே நான் உள்ள வர முடியும்?"

"உடம்புக்கு என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அதான் விசேஷம்."

நிறுத்தோம். எழுபத்தெட்டு. எடை மிஷினைத் தட்டி மறுபடி நிறுத்தோம். எழுபத்தெட்டேதான்.

"உனக்குப் பசிக்கவே இல்லையாடா?"

"பசிக்காம? அப்பாவோட பசிடா அது! ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் மூணு தட்டு கட்டறான், ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கான். நான் ஒரு தட்டு சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் நடக்கணும். அநியாயம்தான். அதுக்காக? நடக்கறேன்."

"யாரு உனக்கு இந்தப் புத்தியைச் சொன்னது?"

தம்பி அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணிதான். ஒரு வருஷமா வாராவாரம் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு என் எடையைக் கேப்பாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற."

ஆக, 'பாவம் உங்க தம்பி' என்று அவள் விட்ட பெருமூச்சும் கணக்கில் சேர்த்திதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் போடவே நாங்கள் ஆறு மாசம்தான் திட்டம் போடுவோம். எனக்காக ஒருத்தி ஒரு வருஷம் போட்டிருக்கிறாள்!

"நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"பதினோரு வருஷமா நேராத்தான் சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "உங்க அப்பா அம்பத்திரண்டுல போயிட்டாரு. உங்களுக்கு இப்ப நாப்பத்தொம்பது. மூணு வருஷம் எனக்குப் பத்தாதுங்க."

பந்தயத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இனி ஒரு வருஷம் என் வாய்க்கும் அவள்தான் தலைவர்.

வேலைக்குப் போகும் இடமெல்லாம் படியேற வேண்டும் என்பது அவள் உத்தரவு. முதல் நாள் மூன்றாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரிப்பேர் பார்க்க வந்தவனே படியில் கிடக்கிறானே என்று, அந்தக் கட்டடத்துக்காரர்கள் லிஃப்ட் இனிமேல் பிழைக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மாசம் போனது, ஐந்தாவது மாடி வரைக்கும் மூச்சு வந்தது. ஏழாவது மாசம் மொட்டை மாடி வரை ஏறி, சீட்டியும் அடித்தேன்.

எண்பத்து நான்கு கிலோ. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றேன். "பாத்தியா என் மன உறுதியை?"

அவள் பீரோவைத் திறந்து ஒரு புது ஜீன்ஸை எடுத்து நீட்டினாள். "தம்பி அளவு. ஜீன் ஒண்ணுன்னா ஜீன்ஸும் ஒண்ணுதானே? நாம பந்தயம் கட்டினோமே, அதுக்கு முந்தின நாள் வாங்கினது."

"நான் தோப்பேன்னு முந்தின நாளே தெரியுமா?"

"தோப்பீங்கன்னும் தெரியும். இளைப்பீங்கன்னும் தெரியும்."

இவளுக்கு முன்னால் நானெல்லாம் எம்மாத்திரம்! மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீன்ஸுக்குள் நுழைந்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன். பித்தானுக்கும் துளைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"இந்த ரெண்டு விரல் மட்டும் நிச்சயமா பரம்பரை," என்றேன்.

"இல்லீங்க," என்றாள் பொறுமையாக. "நேத்து சாயங்காலம் பேக்கரியில நின்னீங்களே, அது."