சிக்காகோவிலிருந்து வந்த அனாதை

பரிஸ் நகரத்து மெட்ரோ பதின்மூன்றாம் இலக்கம் சுரங்கத்துக்குள் நின்றுபோன ஒரு காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. (ஓடுகிற வண்டியில் எனக்கு யோசனை எதுவும் வருவதில்லை.) கையில் ஓர் அமெரிக்க நாவல். அதன் நாயகன் முன்பின் தெரியாத நகரத்தில் பெட்டியோடு இறங்குகிறான், வாய்க்கு வந்த பெயர் ஒன்றைச் சொல்கிறான், ஊரே நம்புகிறது. இருபதாம் பக்கத்தில் வேலை, நாற்பதாம் பக்கத்தில் வீடு. ஒருவர்கூட அவனிடம் "நீ ஆற்றை பிள்ளை?" என்று, அதாவது யாருடைய மகன் என்று, கேட்கவில்லை.

அமெரிக்கக் கனவு என்றால் என்ன என்று அந்த இருட்டுக்குள் நான் கண்டுபிடித்தேன். கார், மாடிவீடு எல்லாம் பிறகு. முதலில் வேண்டியது, ஆற்றை பிள்ளை என்று கேட்காத ஓர் ஊர்.

அப்போது நான் சென் தெனி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. நவீன அமெரிக்கப் புனைகதையில் பாத்திரமும் அடையாளமும் என்ற பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்திருந்தேன். "நன்றாக ஒப்பிக்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு கருத்தும் இல்லை" என்று பேராசிரியை எழுதியிருந்தார். மிஞ்சியிருந்தது மறுதேர்வு, வாய்மொழியாக இருபது நிமிடம். அதிலும் கவிழ்ந்தால் அப்பா சொன்னபடி கணினிப் படிப்புக்கு மாறவேண்டும். "கதைப்புத்தகம் வாசிக்கிறதுக்கு யூனிவர்சிட்டி என்னத்துக்கு? வீட்டிலை கட்டில் இருக்குத்தானே" என்பது அவருடைய இலக்கியக் கொள்கை.

இப்போது எனக்கென்று ஒரு கருத்து கிடைத்துவிட்டது. மனிதர் தம்மைத் தாமே புதிதாக எழுதிக்கொள்ளலாம், எந்த ஊரிலும். அதை நிரூபிக்க, பரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே முடிந்தால் வேறெங்கும் முடியும் அல்லவா? நாங்கள் இருந்தது தூரத்துப் புறநகர். லா சப்பலின் கடைத்தெருவான ரூ காயில் அப்பாவைத்தான் தெரியும், என்னைத் தெரியாது. அப்பா பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல்காரர். விடுமுறை நாளான திங்கட்கிழமைகளில் லா சப்பலுக்கு வந்து, புதிதாக வந்த அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். ஆகவே நான் செவ்வாய்க்கிழமை போனேன். (எவ்வளவு புத்தி பாருங்கள்.)

ஒரு சேலைக் கடைக் கண்ணாடியில் "வேலைக்கு ஆள் தேவை" என்று ஒட்டியிருந்தது. உள்ளே கடைக்காரி புஷ்பா அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன பிள்ளை?"

"மாயா."

"எந்த ஊர்?"

"சிக்காகோ."

"அது இருக்கிற ஊர். சொந்த ஊர்?"

"அதுவும் சிக்காகோதான்."

"சரி, அப்பான்ரை ஊர்?"

நாவலில் இந்தப் பக்கம் இருக்கவில்லை.

"எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் இல்லை."

"மாமா, சித்தப்பா?"

"எனக்கு ஒருத்தரும் இல்லை" என்றேன், முகத்தை நன்றாக நிமிர்த்தி.

அமெரிக்க நாவலில் அது ஒரு சுதந்திரப் பிரகடனம். ரூ காயில் அதைச் சொல்வது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதற்குச் சமம். புஷ்பா அக்கா மடித்த சேலையை அப்படியே போட்டார். ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்த மன்னார் மேரி அன்ரி ஓடிவந்து என் கையைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை.

"என்ரை பிள்ளை, சாப்பிட்டனியே?"

காலையில் அம்மா அவித்த பிட்டு இன்னும் நெஞ்சில் நின்றது. "இல்லை" என்றேன். இரண்டு ரோல்ஸ் வந்தன. அரை மணி நேரத்தில் எனக்கு மேரி அன்ரி வீட்டில் ஒரு கட்டில், ஒரு குளிர் அங்கி, ஞாயிறு பூசையில் ஒரு வேண்டுதல், மின்சார வேலை செய்யும் ஒரு மாப்பிள்ளை எல்லாம் கிடைத்துவிட்டன. நாவல் நாயகன் நாற்பது பக்கத்தில் சாதித்ததை நான் இரண்டு ரோல்ஸில் சாதித்தேன்.

"தாய் தேப்பன் இல்லாமல் வளந்தும் என்ன மரியாதை பாருங்கோ" என்றார் மேரி அன்ரி.

"அச்சொட்டா எங்கடை தமிழ்" என்றார் புஷ்பா அக்கா. "பேப்பர் இருக்கோ பிள்ளை?"

பிரெஞ்சு அடையாள அட்டை என் பைக்குள் இருந்தது. "இல்லை" என்றேன். (ஒரு பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டால் பாதியில் ஏறமுடியாது.)

"பயப்பிடாதையும். பேப்பர் விசயத்துக்கு எங்களுக்கு ஒரு ஆள் இருக்கு. சிவம் அண்ணைக்குப் போன் பண்ணிட்டன். இப்ப வருவார்."

சிவம் அண்ணை என்றால் அப்பா. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே அவருக்கு மூன்று மணி நேர ஓய்வு உண்டு என்பதை நான் மறந்தே போனேன். எழும்பப் பார்த்தேன். மேரி அன்ரியின் பிடி இரும்புப் பிடி.

அப்பா சமையல் காற்சட்டையோடு, படிவக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, படிவத்தை விரித்தார்.

"உம்மடை பேர்?"

வாழ்நாளில் அன்றுதான் அப்பா என்னை மரியாதையாகக் கூப்பிட்டார். "மாயா."

"வடிவான பேர். தேப்பன் உயிரோடை இருக்கிறாரோ?"

"இருக்கிறார்... இப்ப கொஞ்சம் கோவமா இருக்கிறார்."

"கொஞ்சமில்லை" என்று எழுதிக்கொண்டே சொன்னார் அப்பா.

புஷ்பா அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணை, இந்த மூக்கு..." என்று இழுத்தார். மேரி அன்ரி அப்போதுதான் என் கையை விட்டார்.

அப்பா என்னைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு ரூ பிலிப்-து-ஜிரார் தெருமுனை வரைக்கும் நடந்தார். நானே எல்லாவற்றையும் கொட்டினேன்: நாவல், மறுதேர்வு, கனவு. ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

"உன்ரை கதையிலை வாறவன் எவ்வளவு காலம் வேறை பேரிலை இருந்தவன்?"

"கடைசி வரைக்கும்."

"நான் எட்டு மாசம்" என்றார் அப்பா. "கனடாவுக்கெண்டு வெளிக்கிட்டனான். வேறை ஒருத்தன்ரை பாஸ்போட். அவன்ரை பேர், பிறந்த திகதி, தாய் தேப்பன், எல்லாம் பாடம். நித்திரையிலை கூப்பிட்டாலும் அந்தப் பேருக்குத்தான் எழும்புவன். பரிசிலை மறிச்சுப் போட்டாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன. ஆராவது நீ ஆற்றை பிள்ளை எண்டு கேக்கமாட்டினமோ எண்டு இந்த ரோட்டாலை நடந்து திரிஞ்சனான்." நேரத்தைப் பார்த்தார். "எனக்கு வெங்காயம் வெட்டக் கிடக்கு." படியிறங்கி மெட்ரோவுக்குள் போய்விட்டார்.

தேர்வுக்கென்று எழுதி வைத்திருந்த பதினாறு பக்கத்தையும் அன்றிரவு கிழித்தேன். மறுதேர்வில் அந்த நாயகர்களுக்காக நான் வாதாடவில்லை. "இவர்கள் ஓடுவது ஒரு கேள்விக்குப் பயந்து, அந்தக் கேள்விக்காக ஏங்கி நடந்தவர்கள் இந்த நாவல்களில் ஏன் இல்லை?" என்று கேட்டேன். எந்த விமர்சகர் இப்படிச் சொன்னார் என்று பேராசிரியை விசாரித்தார். சமையல்காரர் என்றேன். இருபது புள்ளிக்குப் பன்னிரண்டு. கணினி தப்பியது.

வீட்டில் நான் தப்பவில்லை. இன்றைக்கும் யாராவது விருந்துக்கு வந்தால் அம்மா என் தட்டைக் காட்டி, "அந்தச் சிக்காகோப் பிள்ளைக்கு முதல் போடுங்கோ, பாவம், ஒருத்தரும் இல்லாதது" என்பார். அந்த மின்சார மாப்பிள்ளையின் வீட்டுக்காரரும் விசயம் தெரிந்த பிறகு இரண்டு தரம் போன் எடுத்தார்கள்.

இப்போது முதுகலை ஆய்வேடு. அமெரிக்கக் கரைக்கென்று இன்னொருவர் பெயரில் புறப்பட்டு, வழியில் இறங்கியவர்களைப் பற்றி எழுதுவதாக அறிவித்துவிட்டேன். முதல் அத்தியாயம் அப்பா. ஒரே ஒரு தடங்கல், அந்த எட்டு மாதப் பெயரை அவர் சொல்கிறாரில்லை. மறந்து போச்சாம். திங்கட்கிழமை இரவு வீட்டில் அவர்தான் சமைப்பார். பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் வரும்வரை வெங்காயம் உரிக்கப் போகிறேன்.