இட்லித் தட்டும் செவ்வாய்க் கிரகமும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பொருளை வீட்டில் வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை. பாட்டா, போனில் இருக்கிறது. போட்டோவா, போனில் இருக்கிறது. பெற்ற தாயின் முகம்கூடப் போனில்தான் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் அவளும் போனாள். சினிமாவை மாச வாடகைக்குப் பார்க்கிறார்கள். குடியிருக்கிறவனை எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

நஞ்சப்பன் இதைக் கண்ணாலேயே கண்டவர். போன மாசம் மகன் மாது டிவியில் எதையோ அமுக்கி, பழைய ராக்கெட் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பாதியில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மறுநாள் மிச்சத்தைப் பார்க்க உட்கார்ந்தால் படத்தையே காணோம்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சாம்பா. தூக்கிட்டாங்க," என்றான் மாது.

"நம்ம வூட்டுக்குள்ள பூந்து நம்ம படத்த எவன்டா தூக்குனான்?"

"நம்ம படம் இல்லப்பா. அவங்க படம். நாம பாக்க மட்டுந்தான்."

"பாக்க மட்டும்னா அது எதுத்த வூட்டு மாடு. அதுக்கு எதுக்குடா நீ தீனி போடற?"

மாது டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனான். அன்றையிலிருந்து நஞ்சப்பன் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார். அவருடைய சொத்து அவருடைய பீரோவில் இருந்தது. எவனும் தூக்க முடியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தார். சினிமா டிஸ்க் பெட்டிகள் வரிசை குலையாமல் நின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்தார். காலி. அடுத்தது. காலி. அறுபது பெட்டியும் வாயைப் பிளந்தன, உள்ளே டிஸ்க் இல்லை.

"நிர்மலா!"

மருமகள் மாவுக் கையோடு வந்தாள்.

"அதுங்களா மாமா? நீங்க பொம்மிடிக்கு அண்ணி வூட்டுக்குப் போயிருந்தீங்க இல்ல, அப்ப கோவிந்தம்மா அக்கா வந்து கேட்டுச்சு. சோளம் பால் புடிச்சிருக்குது, கிளி தாங்க முடியல, பழைய சிடி இருந்தா குடும்மான்னுச்சு. மேல் தட்டுல இருக்கறது நல்லது, கீழ இருக்கறது பழசுன்னு எடுத்துக் குடுத்தேன்."

"கீழ இருக்கறதுதான்டி நல்லது! மேல் தட்ட மாடு எட்டிப் பாக்கும்னு கீழ வெச்சிருந்தேன்!"

"வூட்டுக்குள்ள எந்த மாடு வருது?"

நஞ்சப்பன் காலிப் பெட்டியைக் கீழே போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த டிஸ்க்குகளைப் பார்க்கப் பதினொரு மணிக்குத் தருமபுரியிலிருந்து ஒரு மேடம் வந்துவிடுவாள்.

நஞ்சப்பன் பெங்களூர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைக் கடையில் டிஸ்க் வாங்குவார். வெள்ளைக்காரன் எடுத்த பழைய ஆகாசப் படங்கள் மட்டும், அதுவும் தமிழில் பேசினால் மட்டும். நம் ஊர்ப் படங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதில் கடைசியில் எல்லோரும் திருந்திவிடுகிறார்கள். ஆகாசப் படத்தில் அப்படி இல்லை. மிஷின் பொய் சொல்லும். அனுப்பிய ஆபீசர் பொய் சொல்லுவான். பக்கத்தில் படுத்திருக்கிறவன் மனுஷன்தானா என்பதே சந்தேகம். உலகத்தைப் பற்றி உண்மை பேசுகிறவை அந்தப் படங்கள்தான் என்பது அவர் கட்சி. மனுஷன் நிலாவுக்குப் போனான் என்பதை மட்டும் அவர் இன்றுவரை நம்பவில்லை.

இந்தச் சரக்கு அடைத்துக்கொண்டிருந்த சின்ன அறையின் மேல் நிர்மலாவுக்கு ஒரு கண். தையல் மிஷின் போட வேண்டும், இடம் இல்லை. ஆறு மாசச் சண்டைக்குப் பிறகு மாது தீர்ப்புச் சொல்லியிருந்தான். "விசயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து பாத்து, இது உருப்படியான சரக்குன்னு சொல்லட்டும். அந்த ரூமு அப்பாவுக்கு. இல்லைன்னா மிஷினுக்கு."

யார் வரப்போகிறார்கள் என்று நிர்மலா ஊராரிடம் தையலுக்குத் துணி வாங்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் முந்தாநாள் ஊர்த் தண்ணீர் டேங்க்கைத் திறந்துவிடுகிற மதியழகன் சைக்கிளில் போகிறபோக்கில் கத்திவிட்டுப் போனான். "பெருசு, உங்க டிஸ்க்கெல்லாம் பாக்கணும்னு தருமபுரியில இருந்து ஜெயபிரியான்னு ஒரு மேடம் சனிக்கெழம வர்றாங்க. பதினோரு மணி. போட்டோல்லாம் புடிப்பாங்களாம்!"

அந்த மேடத்துக்குக் காட்ட வேண்டியவை இப்போது சோளக்காட்டில் கிளி ஓட்டிக்கொண்டிருந்தன.

காடு நெடுக மூங்கில் நட்டு, கயிறு இழுத்து, அறுபது டிஸ்க்கும் வெயிலில் சுழன்றன. கண் கூசியது. ஒரு கிளி இல்லை. நஞ்சப்பன் முதல் டிஸ்க்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் மையால் தானே ஒரு அடையாளம் போட்டு வைத்திருந்தார். வெயில் அத்தனையையும் நக்கிவிட்டிருந்தது.

"என்னாண்ணா, காலங்காத்தால காட்டுக்குள்ள?" கோவிந்தம்மாள் வரப்பில் நின்றாள்.

"கெணறு வெட்டற படம் எதும்மா?"

"எந்தக் கெணறு?"

"செவ்வாய்க் கெரகத்துல போயி கெணறு வெட்டுவானுங்க. எழுநூறு அடி போயும் தண்ணி வராது. அதுதான் எங்கிட்ட இருக்கறதுலயே பெரிய படம். எந்தக் கயித்துல கட்டுன?"

"நம்மூர்லயே அதான நடக்குது, அத எதுக்கு அவ்ளோ தூரம் போயி எடுத்தானுங்க? எனக்கெங்க தெரியும்ண்ணா. மின்னுனா கட்டுவேன்."

"அப்ப எல்லாத்தையும் அவுக்கறேன். வூட்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அவுப்பியா? அவுத்தீன்னா அரை நாள்ல காடு மொட்டை. இன்னும் பத்து நாள்ல அறுப்பு. ஒண்ணையும் தொடாத!"

அவள் பேசி முடிப்பதற்குள் நஞ்சப்பன் நாலு அவிழ்த்திருந்தார்.

"மின்னுனாப் போதுமில்ல உனக்கு? நான் வேற கட்டித் தரேன்."

"கட்டு. ஆனா ஒரு கிளி எறங்குச்சு, நீதான் வந்து நின்னு ஓட்டணும். கூலிக்கு ஆளு வெக்க எனக்கு வக்கில்ல."

"ஓட்டறேன் போ!"

வீட்டுக்கு ஓடினார். மணி ஒன்பது. மின்னுகிற சாமானுக்கு எங்கே போவது என்று அடுப்படிக்குள் நுழைந்தவர், அலமாரியைப் பார்த்ததும் நின்றார். இட்லித் தட்டு. டிஸ்க்குக்கும் நடுவில் ஓட்டை, இட்லித் தட்டுக்கும் நடுவில் ஓட்டை. கயிறு கட்டுவதற்கென்றே எவனோ புண்ணியவான் செய்து வைத்திருக்கிறான். நாலு தட்டை எடுத்தார். பற்றாது என்று தோன்றியதால் குமிழ் வைத்த பாத்திர மூடி ஐந்தையும் சேர்த்துக்கொண்டார். நிர்மலா கொல்லைப்புறத்தில் இருந்தாள். கேட்டால் தரமாட்டாள் என்பது தெரிந்த விஷயம். தெரிந்ததை எதற்குக் கேட்பது?

காட்டில் அவற்றைக் கட்டிவிட்டு, டிஸ்க்குகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். மாட்டுத் தொட்டியில் போட்டு சோப்புத் தேய்த்துக் கழுவினார். கயிற்றுக் கட்டிலில் பரப்பினார். ஒரு கோழி ஏறி, கடைசி வரிசை வரைக்கும் நிதானமாக நடந்து போனது. அதை விரட்டிவிட்டு, கால் தடத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிளேயரில் போட்டுப் பார்த்தார்.

முதலாவது, தலைகீழாக நடக்கிறவர்கள் படம். இரண்டாவது, ஏழு பேர் போய் ஒருத்தன் திரும்பின படம். மூன்றாவது மூச்சே விடவில்லை. மணி பத்து. பத்தே கால். வாசலுக்கும் டிவிக்குமாக நடந்தார். முப்பத்தெட்டாவது டிஸ்க் கரகரவென்று அரைத்தது, நின்றது, பிறகு செக்கச்செவேல் என்று மண் தெரிந்தது. தலையில் கண்ணாடிக் குடம் கவிழ்த்திருந்த ஒருத்தன் தமிழில் சொன்னான்: "இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்!"

"அப்படிச் சொல்லுடா!" என்று நஞ்சப்பன் தொடையைத் தட்டினார்.

"அண்ணோவ்!" என்று வெளியே ஒரு கூப்பாடு. கோவிந்தம்மாள் தலைவிரி கோலமாக நின்றாள். "உன் தட்டு லட்சணத்த வந்து பாரு!"

"இரும்மா, பெட்டியில போட்டு அடுக்கிட்டு..."

"அடுக்கறதுக்குள்ள அறுத்துட்டுப் போயிரும். வா!"

வாக்குக் கொடுத்தாயிற்று. டிஸ்க்கெல்லாம் சாக்கில், பெட்டியெல்லாம் இன்னொரு சாக்கில். மேடம் வருவதற்குள் அங்கேயே உட்கார்ந்து அடுக்கிவிடலாம் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சோளக்காடு பச்சையாக இருந்தது. கதிர் தெரியவில்லை, கிளிதான் தெரிந்தது. இட்லித் தட்டுகளை அவை ஊஞ்சல் என்று நினைத்துவிட்டன. தட்டுக்கு இரண்டு கிளி உட்கார்ந்து, ஆடிக்கொண்டே பக்கத்துக் கதிரை எட்டித் தின்றன. தின்று முடித்தவை மூடிமேல் உட்கார்ந்து அடுத்தவற்றுக்கு இடம் விட்டன.

"ஓட்டு!" என்று ஒரு தகர டப்பாவையும் கழியையும் அவர் கையில் திணித்தாள் கோவிந்தம்மாள்.

நஞ்சப்பன் ஓட்டினார். இந்தக் கோடியில் தட்டினால் கிளிகள் அந்தக் கோடிக்குப் போயின. அந்தக் கோடிக்கு ஓடினால் இந்தக் கோடிக்கு வந்தன. வேட்டி சோளத்தட்டையில் மாட்டிக் கிழிந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. ரோட்டைப் பார்ப்பதா கிளியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

"மாமா!" நிர்மலா வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் மாது. "வர்ற மேடத்துக்கு நாலு இட்லி ஊத்தலாம்னு பாத்தா தட்டக் காணோம், மூடியக் காணோம், திருடன் வந்துட்டான்னு தெருவையே எழுப்பிட்டேன்! ஐயோ, அதுல கிளி அசிங்கம் பண்ணுது! இனி அதுல எப்படி இட்லி ஊத்தறது?"

"கழுவுனாப் போவுது. நான் கோழி நடந்ததயே கழுவிட்டேன்."

"இதுக்குத்தான் அந்த ரூமக் காலி பண்ணுங்கன்னேன்!"

"அத நீ சொல்லக் கூடாது. மேடம் சொல்லட்டும்!"

அந்த நேரம் பார்த்து ரோட்டோரம் ஒரு ஜீப் வந்து நின்றது. கழுத்தில் கேமராவோடு ஒரு பெண் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தாள். பின்னால் டிரைவர் இன்னாசி, கையில் ஒரு நோட்டோடு.

"டிஸ்க்குக்காரர் நஞ்சப்பன்ங்கிறது..."

"நான்தாங்க!" நஞ்சப்பன் தகர டப்பாவைக் கீழே போட்டார். கிழிந்த வேட்டியை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் சாக்கை அவிழ்த்தார். "கொஞ்சம் கலஞ்சிருக்குது மேடம், தப்பா நெனைக்காதீங்க. அறுபது இங்க, நூறு வூட்ல. இருபத்திரண்டு வருசமா சேத்தது. இதுல எதையும் எவனும் தூக்க முடியாது. இதப் பாருங்க, பெரிய படம். தமிழ்ப் பேச்சு. உங்க போன்ல தேடுனாலும் இந்தப் பேச்சு கெடைக்காது."

ஜெயபிரியா அந்த டிஸ்க்கை வாங்கினாள். இப்படியும் அப்படியும் சாய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒளி பளீரென்று போய்ச் சோளத்தில் விழுந்தது. இரண்டு கிளி எழும்பிப் போயின. கீறல் பார்க்கிறாள் என்று நஞ்சப்பனுக்குப் புரிந்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

"வெயில்ல இத்தன நாள் இருந்தும் பளபளப்புக் கொறையலையே!" என்றாள் அவள்.

"கொறையாதுங்க. அந்தக் காலத்துச் சரக்கு."

மாது தொண்டையைச் செருமினான். "மேடம், எங்க வூட்ல ஒரு வழக்கு. நீங்கதான் தீத்து வைக்கணும். இது உருப்படியான சரக்கா, இல்ல குப்பையா?"

"குப்பையா? யாருங்க சொன்னது? ரொம்ப உருப்படியான சரக்கு. ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட்டுறாதீங்க. மாவட்டம் பூரா எல்லாருக்கும் காட்டணும்னுதான் நானே வந்திருக்கேன்."

நிர்மலாவின் முகம் விழுந்துவிட்டது. நஞ்சப்பன் அவளைப் பார்க்கவில்லை. ஜெயித்தவன் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மீசையைத் தடவிக்கொண்டு காட்டைப் பார்த்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னாசியும் காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மேடம்," என்றான் இன்னாசி, "டிஸ்க்கு கட்டுன சோளக்காட்டுல ஒத்தக் கிளிகூட எறங்கலைன்னு கேள்விப்பட்டுத்தானே நம்ம வேளாண்மை ஆபீசுல இருந்து போட்டோ புடிக்க வந்தோம்? பெரியவரு அத்தனையும் அவுத்து மூட்ட கட்டி வெச்சுட்டு, கிளிக்கு இட்லித் தட்டுல விருந்து போட்டுட்டு இருக்காரே!"

நஞ்சப்பன் ஜெயபிரியாவின் கையிலிருந்து டிஸ்க்கை மெதுவாக வாங்கித் துண்டில் துடைத்தார். இரண்டு சாக்கையும் தோளில் ஏற்றினார்.

"கவுருமெண்டு ஜீப்ல வந்து எறங்கிட்டு, சினிமா பாக்க வந்தேன்னு எவ ஒத்துக்குவா?" என்று முனகிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தார்.